எத்தனால் மட்டுமே குடித்த கார்கள்: பிரேசில் திட்டம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1989-இன் கடைசியிலும் 1990-இன் தொடக்கத்திலும் பிரேசிலின் பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. பங்க்கில் பெட்ரோல் இருந்தது, டீசலும் இருந்தது. தீர்ந்துபோனது கரும்பிலிருந்து வடிக்கும் ஆல்ககாலான எத்தனால் மட்டும்தான். வரிசையில் நின்றவையோ எத்தனாலைத் தவிர வேறெதையும் குடிக்காத கார்கள். வரியைக் குறைத்து, எரிபொருள் விலையையும் குறைத்து வைத்து, "வாங்குங்கள்" என்று பத்து வருஷமாக அரசாங்கமே மக்களிடம் சொல்லி வாங்கவைத்த கார்கள் அவை. அப்படிப்பட்டவை 40 லட்சத்துக்கு மேல் அப்போது ஓடிக்கொண்டிருந்தன.

பெட்ரோலுக்கு மாற்று என்ற பேச்சு எழும்போதெல்லாம் பிரேசிலை வெற்றிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்பவர்களில் பலர் திட்டம் பிறந்த 1975-இல் தொடங்கி நேராக இன்றைக்குத் தாவிவிடுகிறார்கள், நடுவில் நின்ற அந்த வரிசை கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவது அந்த வரிசைதான். மாற்று எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வரும் நாளில் அடி யார் தலையில் விழும்? இந்தக் கேள்வியை முதல் கட்டத்தில் யாரும் கேட்கவில்லை. 2003-இல் தொடங்கிய இரண்டாவது கட்டத்தில் அதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். இரண்டு கட்டங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டு நோய், ஒரு மருந்து

1973-இல் கச்சா எண்ணெய் விலை ஒரே மூச்சில் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, பிரேசில் தனக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதத்தை வெளியே வாங்கிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. அதே சமயத்தில் இன்னொரு பக்கம் சர்க்கரை ஆலைகள் தவித்தன. 1974-இன் இறுதியில் உச்சிக்குப் போன உலகச் சர்க்கரை விலை, அடுத்த ஆண்டே சரிந்துவிட்டது. நல்ல விலையை நம்பி விரிவாக்கிய ஆலைகளுக்குக் கரும்பை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு தவிப்புக்கும் ஒரே தீர்வாக, 1975 நவம்பர் 14 அன்று அதிபர் எர்னெஸ்டோ கெய்செல் தேசிய ஆல்ககால் திட்டத்தை அறிவித்தார். அதற்குப் 'புரோஆல்கூல்' என்று பெயர். பெட்ரோலில் எத்தனால் கலப்பது அங்கே புதிய யோசனை அல்ல. இறக்குமதிப் பெட்ரோலில் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று 1931-லேயே ஆணை போட்ட நாடு அது. புதிதாக இருந்தது அளவுதான். 1975-இல் சுமார் 60 கோடி லிட்டராக இருந்த எத்தனால் உற்பத்தி, பத்தே ஆண்டில் 1,100 கோடி லிட்டரைத் தாண்டியது.

முதலில் செய்தது எளிய வேலை. சர்க்கரை ஆலையை ஒட்டி ஒரு வடிப்பாலை கட்டி, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, பெட்ரோலில் கலந்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு, பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அது வேர். புளித்த சாற்றில் ஆல்ககால் பத்து சதவீதம் போலத்தான் இருக்கும். காய்ச்சக் காய்ச்ச அடர்த்தி ஏறி, 96 சதவீதத்துக்கு அருகில் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காய்ச்சினாலும் மிச்சமுள்ள தண்ணீரும் ஆல்ககாலும் ஒன்றாகவே ஆவியாகும். அந்தக் கடைசித் தண்ணீரை எடுக்கத் தனிச் செலவு பிடிக்கும். பெட்ரோலில் கலக்க வேண்டுமானால் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஆல்ககாலையும் இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் வண்டியே முழுக்க எத்தனாலில் ஓடுமானால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் ஒரு தொந்தரவும் செய்யாது. கடைசிப் படிச் செலவு மிச்சம். எத்தனாலில் மட்டும் ஓடும் கார் என்ற யோசனைக்கு வலு சேர்த்த காரணங்களில் இதுவும் ஒன்று.

சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரில் உள்ள விண்வெளித் தொழில்நுட்ப மையத்தில் பொறியாளர் உர்பானோ எர்னெஸ்டோ ஸ்டும்ஃப் தலைமையிலான குழு அந்த எஞ்சினை வடிவமைத்தது. 1976-இல் ஒரு டாட்ஜ், ஒரு குர்ஜெல், ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆக மூன்று கார்கள் எத்தனாலை மட்டும் ஊற்றிக்கொண்டு நாட்டுக்குள் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடிக்காட்டின. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம், ஆகவே எஞ்சினுக்குள் கலவையைப் பெட்ரோலைவிட இறுக்கி அமுக்கலாம், அமுக்கத்தில் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் 'நாக்கிங்' வராது. குறைகளும் இருந்தன. எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை அரித்தது, நிக்கல் பூசினார்கள். குளிர் காலையில் வண்டி கிளம்ப மறுத்தது.

அந்தக் குளிர் விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எத்தனாலின் ஆவி தீப்பற்றும் அளவுக்குத் திரள சுமார் 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். தென் பிரேசிலின் குளிர்கால விடியலில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இதற்காக எஞ்சின் பக்கத்தில் ஒரு செம்பளவே இருக்கும் சின்னப் பெட்ரோல் தொட்டி ஒன்றை வைத்தார்கள். காலையில் சாவியைத் திருகும் முன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும், எஞ்சின் பிடித்துக்கொண்டதும் எத்தனாலுக்கு மாறிவிடும். எத்தனால் கார் வைத்திருந்த தலைமுறைக்கு அந்தப் பொத்தான் நன்றாகத் தெரியும். அந்தத் தொட்டியை ஒழிக்க 2009 வரை ஆனது. அந்த ஆண்டில்தான் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிப் பீய்ச்சும் அமைப்போடு ஒரு கார் அங்கே விற்பனைக்கு வந்தது.

1979-இல் எண்ணெய் விலை மறுபடியும் எகிறியது, இரண்டாவது எண்ணெய் அதிர்ச்சி. அந்த ஆண்டு ஜூலையில் ஃபியட் 147 வந்தது, முழு எத்தனாலில் ஓடும் முதல் தொழிற்சாலைக் கார். அரசு எத்தனால் விலையைப் பெட்ரோல் விலையில் 65 சதவீத அளவில் நிறுத்திவைத்தது, கார் வரியையும் குறைத்தது. கரும்பு தின்னக் கூலியே கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனால் கார்கள்.

வரிசை எப்படி உருவானது

1986-இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. ஆல்ககால் திட்டத்தை நியாயப்படுத்திய கணக்கு ஒரே வருஷத்தில் தலைகீழானது. பணவீக்கம் தலைவிரித்தாடிய அந்த நாட்களில் செலவைக் கட்டுப்படுத்த, ஆலைகளுக்குக் கொடுக்கும் எத்தனால் கொள்முதல் விலையை அரசு அமுக்கிவைத்தது. அதே சமயத்தில் உலகச் சர்க்கரை விலை மேலே ஏறத் தொடங்கியிருந்தது, ஏற்றுமதியிலும் அரசின் பிடி தளர்ந்தது. கரும்பு ஆலைக்குள் போய்ச் சாறாகும் வரை ஒரே பாதைதான். அதற்குப் பிறகு சாற்றைச் சர்க்கரைக் கொப்பரைக்கு விடலாம், புளிப்புத் தொட்டிக்கும் விடலாம். விலை எங்கே இருக்கிறதோ சாறு அங்கே போகும். ஆலைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நட்டத்துக்கு விற்கச் சொன்னால் யார்தான் விற்பார்?

அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸுக்கு வேறொரு வலி. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், தார் எல்லாம் சேர்ந்தேதான் வரும். ஒன்று போதும், மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிரேசிலின் சரக்கில் பெரும்பகுதி லாரியில் போகிறது, லாரிக்கு டீசல். எத்தனால் காரின் பெட்ரோலை மட்டும்தான் இடம்பெயர்த்தது, லாரியின் டீசலைத் தொடவில்லை. ஆகவே டீசலுக்காக எண்ணெயைக் காய்ச்சியே தீர வேண்டும், கூடவே வந்த பெட்ரோல் உள்ளூரில் போகாமல் மலிவாக ஏற்றுமதியானது. கடலுக்கடியிலும் எண்ணெய் கிடைக்கத் தொடங்கிய பிறகு, எத்தனாலைச் சுமக்கும் ஆர்வம் அந்த நிறுவனத்துக்குக் குறைந்ததில் வியப்பில்லை. மாற்று எரிபொருள் பற்றிப் பேசுகிறவர்கள் 'ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர்' என்று கணக்குப் போடும்போது மறந்துபோவது இந்தப் பீப்பாய்க் கணக்கைத்தான்.

பங்க்கில் மட்டும் எதுவும் மாறவில்லை. நுகர்வோருக்கு எத்தனால் மலிவாகவே கிடைத்தது, கார்கள் விற்றுக்கொண்டே இருந்தன. உற்பத்தி தேங்கிக் கிடக்க, தேவை ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் இரண்டும் மோதின.

வெளிநாட்டு எரிபொருளிலிருந்து விடுபடத் தொடங்கிய திட்டம், கடைசியில் வெளிநாட்டிலிருந்து மெத்தனாலை இறக்கியது. 60 சதவீதம் எத்தனால், 33 சதவீதம் மெத்தனால், 7 சதவீதம் பெட்ரோல் என்று ஒரு கலவை போட்டு விற்றார்கள். மெத்தனால் நச்சு. தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பார்வையைப் பறிக்கும். அதை நாள் முழுக்க ஊற்றிக்கொடுக்க வேண்டியவர்கள் பங்க் ஊழியர்கள்.

இப்போது இதில் பங்குகொண்ட ஒவ்வொருவர் கையிலும் என்ன இருந்தது என்று பாருங்கள். ஆலைக்குச் சர்க்கரையா எத்தனாலா என்று தேர்வு செய்யும் உரிமை இருந்தது. எண்ணெய் நிறுவனத்துக்கு ஏற்றுமதி வழி இருந்தது. அரசுக்கு விலையை மாற்றும் அதிகாரம் இருந்தது. தேர்வே இல்லாமல் நின்றவர் கார்க்காரர் ஒருவர்தான். நம்பி இறங்கியவரை நட்டாற்றில் விட்டார்கள். நம்பிக்கை உடைந்ததும் 1990-இல் எத்தனால் கார்களின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது, 1990களின் பின்பாதியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. வேதியியல் தோற்றுப்போகவில்லை. 1976-இல் ஓடிய எஞ்சின் 1990-இலும் நன்றாகத்தான் ஓடியது.

தேர்வு ஓட்டுநர் கைக்கு வந்தது

2003 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் கோல் 1.6 'டோட்டல் ஃப்ளெக்ஸ்' வந்தது. பெட்ரோலை ஊற்றலாம், எத்தனாலை ஊற்றலாம், பாதிக்குப் பாதி ஊற்றினாலும் ஓடும், ஃப்ளெக்ஸ் கார் என்பது இதைத்தான். தொட்டியில் என்ன இருக்கிறது என்று காருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் முன்பே வந்த இத்தகைய கார்களில் அதற்கென்று ஒரு தனிக் கருவி இருந்தது, விலை கூடியது. பிரேசில் பொறியாளர்கள் அதை மென்பொருளாலேயே தீர்த்தார்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் ஆக்ஸிஜனில் கொஞ்சத்தை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பெட்ரோல் கணக்கில் பீய்ச்சிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் எத்தனால் வந்தால், காற்று மிஞ்சும். அந்த மிச்ச ஆக்ஸிஜன் புகைக்குழாய் வழியே போகும்போது அங்கே உள்ள லாம்டா சென்சார் கண்டுபிடித்துச் சொல்லும். எல்லாக் கார்களிலும் முன்பிருந்தே உள்ள சென்சார்தான் அது. கணினி பீய்ச்சும் அளவைக் கூட்டும், எவ்வளவு கூட்ட வேண்டியிருந்தது என்பதை வைத்தே தொட்டியில் இருப்பது இன்ன கலவை என்று முடிவுகட்டி, தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். புதிய உறுப்பு எதுவும் சேராததால் விலை பெரிதாக ஏறவில்லை. மூன்றே ஆண்டில் விற்ற புதுக் கார்களில் நான்கில் மூன்றுக்கு மேல் இவைதான்.

ஓட்டுநர் போட வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் சுத்தப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அங்கே விற்கும் பெட்ரோலிலேயே கால்வாசிக்கு மேல் எத்தனால் கலந்திருப்பதால், நடைமுறையில் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் லிட்டர் 6 ரெயால் (பிரேசில் நாணயம்) என்றால், எத்தனால் 4.20-க்குக் கீழே இருந்தால் அதை ஊற்றுவது லாபம். பலகையில் உள்ள இரண்டு எண்களைப் பார்த்துப் பங்க் வாசலிலேயே முடிவெடுத்துவிடலாம்.

இந்த மாற்றத்துக்கு உண்மையான சோதனை 2010-க்குப் பின் வந்தது. விலைவாசியைப் பிடிக்க அரசு பெட்ரோல் விலையை அமுக்கியது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் பல மூடின. 2011 அக்டோபரில் பெட்ரோலில் எத்தனால் கலப்பை 25-லிருந்து 20 சதவீதமாகக் குறைக்க நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து எத்தனால் இறக்குமதியும் நடந்தது. காரணங்கள் ஏறத்தாழ 1989-இன் அதே காரணங்கள். ஆனால் வரிசை வரவில்லை. மக்கள் பக்கத்துக் குழாயைத் தூக்கிப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஆய்வில் நான் மிகவும் நம்பும் சான்று இதுதான்: ஒரே நோய் இரண்டு முறை வந்தது, இரண்டாம் முறை ஊர் ஸ்தம்பிக்கவில்லை.

பங்க்கில் இன்னொரு காட்சியும் உண்டு. எத்தனால் பம்பின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தியிருப்பார்கள். உள்ளே எரிபொருள் ஓடும், அதில் அடர்த்தி காட்டும் மிதவை ஒன்று நிற்கும். தண்ணீர் அதிகம் சேர்த்திருந்தால் மிதவை காட்டிக்கொடுத்துவிடும், வாங்குகிறவரே பார்க்கலாம். பெட்ரோலில் கலப்பதற்கான நீரற்ற எத்தனாலுக்கு ஆரஞ்சு நிறச் சாயம் போடுகிறார்கள், நேராக ஊற்றுவதற்கானது நிறமில்லாமல் இருக்கும். வரி குறைந்த நீரற்ற சரக்கில் தண்ணீர் ஊற்றி மற்றதாக விற்கும் மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. எரிபொருளை மாற்றுகிறவர்கள் கலப்படத்தைக் கண்ணால் பிடிக்கும் வழியையும் அதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேர்வு கிடைக்காதவர்கள்

கார்க்காரருக்குத் தேர்வு வந்தது. கரும்பு வெட்டியவருக்கு வரவில்லை. அவர்களை அங்கே 'போயா ஃப்ரியா' என்பார்கள். ஆறிய சோறு என்று பொருள். விடியுமுன் சமைத்துக் கட்டிக்கொண்டு வண்டியேறி, வயலில் ஆறிப்போனதைத் தின்கிறவர்கள். 1984 மே மாதம் சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாரிபா ஊரில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஐந்து வரிசைக் கரும்பை ஒரு பட்டியாக வெட்டிக்கொண்டிருந்ததை ஆலைகள் ஏழு வரிசையாக்கியதுதான் முக்கியக் காரணம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வெட்டிய கரும்பை நடு வரிசையில் கொண்டுவந்து அடுக்க வேண்டும். ஏழு வரிசை என்றால் ஒவ்வொரு கட்டுக்கும் கூடுதல் நடை, கூலியோ எடைக்குத்தான், நடைக்கு இல்லை. போலீஸ் வந்தது, ஓர் உயிர் போனது, ஐந்து வரிசை திரும்பி வந்தது.

வெட்டுவதற்கு முன் சோகைக்குத் தீ வைப்பார்கள். சாம்பல் ஊர்களின் மேல் விழுந்தது. சாவோ பாவ்லோ மாநிலம் 2002-இல் இதைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் போட்டது, 2007-இல் ஆலைகளோடு செய்த உடன்பாட்டால் அந்தக் கெடு முன்னுக்கு வந்தது. தீ நின்றது, கூடவே அறுவடை இயந்திரம் வந்தது. ஒரு இயந்திரம் ஏறத்தாழ நூறு பேர் வேலையைச் செய்துவிடும். முதுகொடியும் வேலை ஒழிந்தது நல்லதுதான். அந்த நூறு பேரில் இயந்திரம் ஓட்டக் கற்றவர் எத்தனை பேர் என்ற கேள்வியை விட்டுவிட்டு அதை நல்லது என்று மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

ஆற்றுக்கு நேர்ந்தது ஓரளவு சீரானது. ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் வடிகழிவு மிஞ்சும். ஆரம்பத்தில் அதை ஆற்றில் விட்டார்கள், மீன்கள் செத்து மிதந்தன. 1978-இல் தடை வந்தது. கழிவில் பொட்டாசியம் நிறைய இருப்பதால் இப்போது அளவாக வயலுக்கே பாய்ச்சுகிறார்கள், உரச் செலவும் குறைகிறது.

கரும்பின் பலமும் எல்லையும்

பிரேசில் செய்ததை எந்தப் பயிரை வைத்தும் செய்துவிட முடியாது. கரும்பை ஒரு முறை நட்டால் மறுதாம்பாக நாலைந்து வெட்டு கிடைக்கும். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 75 டன், டன்னுக்கு 80 லிட்டருக்கு மேல் எத்தனால். ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் சக்கையை எரித்தே வந்துவிடும், உபரி மின்சாரத்தை விற்கவும் செய்கிறார்கள். இதனால் செலவிட்ட ஒரு பங்கு புதைபடிவ ஆற்றலுக்கு எட்டு மடங்கு போல எரிபொருளாகத் திரும்புகிறது. மக்காச்சோள எத்தனாலில் இது இரண்டு மடங்கைத் தொடுவதே பெரிய பாடு, அதன் ஆலையை ஓட்ட வெளியிலிருந்து எரிபொருள் வேண்டியிருப்பது இதற்கு முக்கியக் காரணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல், நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், கரும்பு எத்தனால் பெட்ரோலைவிட 61 சதவீதம் குறைவான பூமியைச் சூடாக்கும் வாயுவை வெளியிடுகிறது என்று முடிவு செய்தது.

நிலம் என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. கரும்பு மேய்ச்சல் நிலத்துக்கு வந்தால் மாடு எங்கே போகும், காட்டுக்கா? அமேசானிலும் பன்டனால் சதுப்பு நிலத்திலும் கரும்பு விரிவாக்கத்தைத் தடுத்த 2009-ஆம் ஆண்டு ஆணை 2019-இல் ரத்தானது. அதை ரத்து செய்திருக்கக் கூடாது.

நானே போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு ஒன்று. ஒரு ஹெக்டேர் கரும்பின் எத்தனாலில், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் வைத்தால், வருஷத்துக்கு 64,000 கிலோமீட்டர் கார் ஓடும். அதே ஹெக்டேரில் அரை மெகாவாட் சூரியப் பலகை போட்டால் ஏழரை லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் மின்கார் அதில் 45 லட்சம் கிலோமீட்டர் போகும். எழுபது மடங்கு. இலை சூரிய ஒளியைப் பிடிப்பதில் பலகைக்கு ஈடாகவே முடியாது. ஆகவே இனி புதிதாகத் தொடங்கும் ஒரு நாடு, கார்களுக்காக மட்டும் நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான எஞ்சின்களை நாளைக்கே தூக்கி எறிய முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை, அவற்றுக்கு எத்தனால் இன்றைக்கே உதவுகிறது. 2019-இல் டொயோட்டா பிரேசிலில் கொண்டுவந்த கொரோலா, ஃப்ளெக்ஸ் எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேர்த்து ஓடும் கார். இரண்டு வழிகளும் ஒரே வண்டியில் சந்திப்பதை அதில் பார்க்கலாம்.

2025 ஆகஸ்ட் 1 முதல் அங்கே விற்கும் சாதாரணப் பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். ஃப்ளெக்ஸ் காரில் நேராக ஊற்றும் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்தால் பெட்ரோலுக்கு மாறலாம். ஆனால் அந்தப் பெட்ரோலுக்கே எத்தனால் வேண்டும் என்பதால், நீரற்ற சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் அடி மறுபடியும் எல்லார் தலையிலும் விழும். வெட்டிய கரும்பு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, சேமித்து வைக்க முடியாது. நாட்டின் பெரும்பகுதி கரும்பு விளையும் மத்திய-தெற்குப் பகுதியில் அரவை ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வாக்கில் ஓயும். இடைப்பட்ட மாதங்களுக்கான நீரற்ற எத்தனாலை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு இருப்பு வைத்தாக வேண்டும் என்ற விதி, 2011-இன் நெருக்கடிக்குப் பிறகுதான் வந்தது. டிசம்பரில் அரவை நின்ற ஆலைகளின் முற்றத்தில் நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைத் தொட்டிகளில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெருமளவு பொறுத்துத்தான் மார்ச் வரை பங்க்குகள் ஓடுகின்றன.